ஒன்பது பேரா, இருபது பேரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கமலா ஹாரிஸ் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சொராரிட்டியை (மாணவியர் சங்கத்தை) ஒன்பது மாணவிகள் தொடங்கியதாக உங்கள் கட்டுரை சொன்னது. மறுவாரம் ஒரு வாசகர் ‘இருபது பேர்’ என்று திருத்தியிருந்தார். இருவர் சொன்னதும் சரிதான். 1908 ஜனவரியில் ஒன்பது பேர் ஆரம்பித்தார்கள். அதே ஆண்டில் இரண்டாம் வருட மாணவிகள் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1913-இல் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்ததற்காக நிறுவனர் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள் நால்வர். இருபது பேரையுமே நிறுவனர்களாகப் போற்றுகிறார்கள். யார் எப்போது வந்தார் என்று எழுதி வைத்திருந்ததால்தான் இந்தக் கணக்கு இன்றைக்குத் தீர்கிறது.

இத்தகைய சங்கங்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் கிளைகள் உண்டு. எல்லாக் கிளைகளுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒருநாள் ஒரு பெண் பழைய குரூப் போட்டோவோடு வந்தார். இரண்டாம் உலகப்போருக்கு முன் அவருடைய தாத்தா அங்கே ஒரு ஃபிரட்டர்னிட்டியின் (ஆண் மாணவர் சங்கத்தின்) கிளையில் இருந்தாராம். ஆனால் அந்தக் கிளை வீட்டின் பித்தளைப் பலகையில் போருக்குப் பிந்திய ஆண்டுதான் இருந்தது. “தாத்தா சொன்னது பொய்யா?” என்று கேட்டார்.

பொய்யில்லை. பையன்கள் போருக்குப் போனதால் கிளை மூடிக்கிடந்தது. மறுபடி திறந்தவர்கள் திறந்த ஆண்டையே பிறந்த ஆண்டாகப் பொறித்துவிட்டார்கள். கல்லூரி ஆண்டு மலர்களைப் புரட்டிப் புரட்டி மூன்றாம் நாள் தாத்தாவின் பெயரைக் கண்டுபிடித்தோம். மினிட்ஸ் நோட்டும் உறுப்பினர் பதிவேடும் வீட்டை விற்றபோதே குப்பைக்குப் போயிருந்தன. பெயரைப் பார்த்ததும் அந்தப் பெண் அழுதுவிட்டார்.

நாலு வருஷத்தில் அத்தனை பேரும் மாறிவிடுகிற இடம் அது. கிளைகள் மூடும், வேறு சங்கத்தோடு இணையும். கப்பா நூ என்ற சங்கம் 1961-இல் ஃபை எப்சிலான் பை சங்கத்தோடு இணைந்தது. ஃபை எப்சிலான் பை 1970-இல் ஜீட்டா பீட்டா டாவோடு இணைந்தது. ஒரே கிளைக்கு மூன்று பெயர்! இவற்றையெல்லாம் தொகுக்க வில்லியம் ரேமண்ட் பேர்டு 1879-இல் தொடங்கிய கையேட்டின் கடைசி அச்சுப் பதிப்பு 1991-இல் வந்தது.

அதற்குப் பிறகுதான் தெற்காசியப் பிள்ளைகள் சொந்தச் சங்கங்கள் கண்டார்கள்: பெர்க்லியில் 1992-இல் டெல்டா ஃபை பீட்டா, ஆஸ்டினில் 1998-இல் டெல்டா எப்சிலான் சை. இந்தத் தலைமுறையின் பேச்சு பெரும்பாலும் ஈமெயிலில் நடந்தது. பலரும் கூடிப் பேசிய யாகூ குரூப்ஸ் என்ற இணையக் குழுச் சேவை 2020-இல் மூடப்பட்டுவிட்டது. கேட்டு எழுத இதுதான் நேரம். தொடங்கியவர்கள் நடுவயதில்தான் இருக்கிறார்கள்.

அங்கே படிக்கும் உங்கள் மகனோ மகளோ கிளையின் ஹிஸ்டோரியன் (வரலாற்றை எழுதி வைப்பவர்) பொறுப்பில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். தொடங்கிய நாள், தலைமைச் சங்கத்திடமிருந்து சாசனம் (அங்கீகாரப் பத்திரம்) கிடைத்த நாள், மூடிய நாள், மீண்டும் திறந்த நாள் நான்கையும் தனித்தனியாக எழுதட்டும். எதைப் பார்த்து எழுதினார்கள் என்பதையும் குறிக்கட்டும். ராகிங் கொடுமைக்காக மூடப்பட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். போட்டோவுக்குப் பின்னால் பெயர்களை மென்மையான பென்சிலில் எழுதட்டும். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். அசல் நோட்டுகளை யார் வீட்டுக் கராஜிலும் வைக்காமல் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலக ஊழியை, அமெரிக்கா