தங்கச்சிக்கு, மிளகாய்த் தேன் பற்றி

அன்புள்ள தங்கச்சி,

நேற்று இரவு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போத்தலின் கழுத்துவரை தேன். அதற்குள் வட்டவட்டமாக வெட்டிப் போட்ட பச்சை மிளகாய். மேலே சவர்க்கார நுரை மாதிரிச் சின்னச் சின்னக் குமிழிகள். "அக்கா, மூடியைத் திறந்ததும் டப் என்று சத்தம் வந்தது, நல்லா ஊறிட்டுது போல" என்று எழுதியிருந்தாய். இல்லையம்மா, அது புளித்துவிட்டது. ருசி பார்க்காமல் அப்படியே கொட்டிவிடு. நல்ல தேன் விற்கிற விலைக்கு மனம் வராது, தெரியும். ஆனாலும் கொட்டிவிடு.

இதை உனக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உன்னைப் போலவே சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கிறவர்கள் கொழும்பில் எத்தனையோ பேர். அவர்களும் பார்க்கட்டும்.

தேன் ஏன் கெடுவதில்லை? நல்ல முற்றிய தேனில் நூற்றுக்குப் பதினேழு பதினெட்டுப் பங்குதான் தண்ணீர். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட இனிப்பு. அவ்வளவு இறுக்கத்தில் கிருமி பெருக முடியாது. நீ பச்சை மிளகாயை வெட்டிப் போட்டதும் தேன் அதிலிருந்த தண்ணீரை உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டது. உன் படத்திலேயே பார், மிளகாய்த் துண்டுகள் சுருங்கிக் கிடக்கின்றன, மேலே ஒரு விரல் உயரத்துக்குத் தேன் தண்ணியாக நிற்கிறது. புளிப்பு அங்கேதான் தொடங்கியது. பச்சை மிளகாயில் புளிப்புத்தன்மை குறைவு. ஈரமும் சேர்ந்து, நம் ஊர் வெக்கையில் மூடி வைத்தால், ஆபத்தான கிருமிக்கும் வழி திறக்கும். அதனால் மிளகாய்த் தேனுக்குக் காய்ந்த செத்தல் மிளகாய்தான். பச்சை மிளகாயில்தான் ஆசை என்றால் கொஞ்சமாகச் செய்து, பிரிட்ஜில் வைத்து, ஒரு கிழமைக்குள் முடித்துவிட வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். மாமி சின்னவனின் நாக்கில் ஒரு சொட்டுத் தேன் தொட்டு வைக்கப் பார்த்தா என்று போனமுறை கதைத்தபோது சொன்னாய். "காய்ச்சின தேன்தானே, ஒன்றும் செய்யாது" என்றாவாம். மாமியுடன் சண்டை பிடிக்காதே, பக்குவமாகச் சொல். ஒரு வயது முடியும்வரை பிள்ளைக்குத் தேன் கூடாது, ஒரு சொட்டும் கூடாது. தேனில் குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். நம் வயிறு அதைச் சமாளித்துவிடும். கைக்குழந்தையின் குடல் இன்னும் முற்றாததால் அந்த வித்து அங்கே முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கல், பால் உறிஞ்சப் பலமில்லாமை, மெலிந்த அழுகை, துவண்ட கழுத்து என்று அது காட்டும். வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது. மாமி அந்தக் காலத்தில் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தா, ஒன்றும் நடக்கவில்லை, சரி. நம் பிள்ளைக்கு அந்தச் சோதனை வேண்டாம். அவனுக்கு ஒரு வயது ஆகட்டும், நானே ஊட்டிவிடுகிறேன், மிளகாய் இல்லாத தேனை.

சரி, எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் தேன். சிங்களக் கடையில் வெறுமனே "பெனி" என்று கேட்டால் கித்துள் மரத்துப் பாணியைத்தான் தருவார்கள். "மீ பெனி" என்று கேள். பாணியும் அருமையானதுதான், ஆனால் அதன் புகை வாசம் மிளகாயை அமுக்கிவிடும். அப்புறம் செத்தல் மிளகாய். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்து வாங்கலாம். உடைத்தால் நொறுங்க வேண்டும். இங்கே வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரண்டு நாளிலேயே மிளகாய் தோல் மாதிரித் துவண்டுவிடுகிறது. அதனால் நான் வெறும் சட்டியில் சின்ன நெருப்பில் ஒரு நிமிடம் புரட்டி எடுப்பேன். தும்மல் வருமுன் இறக்கிவிடு, கருகினால் தேன் முழுக்கக் கசக்கும்.

ஒரு கோப்பைத் தேன், அதாவது 340 கிராம் அளவு. அதற்குப் பத்துச் செத்தல் மிளகாய். காம்பை எடுத்து, இரண்டு மூன்றாக உடைத்துப் போடு. உறைப்பு விதையில் இருப்பதாக எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது விதை ஒட்டியிருக்கும் அந்த வெளிறிய நரம்பில்தான் இருக்கிறது. குறைக்க வேண்டுமென்றால் நரம்பைச் சுரண்டு.

தேனை நேரே அடுப்பில் வைக்காதே. ஒரு சட்டியில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் தேன் கிண்ணத்தை இறக்கி வை. தேன் கொதிக்கவே கூடாது, வாசம் போய்விடும். விரல் வைத்தால் சுடும், ஆனால் குமிழி வராது, அந்தப் பதம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தேன் தண்ணீர் மாதிரி இளகி, ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சிவக்கத் தொடங்கும். எனக்கு இதில் பிடித்த நேரமே அதுதான், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். மிளகாயின் உறைப்பு எண்ணெயில் கரைகிற மாதிரித் தண்ணீரில் கரையாது, தேனிலும் லேசில் இறங்காது. இளஞ்சூடும் பொறுமையும் அதற்காகத்தான். அடுப்பை அணைத்து, மூடி, ஒரு மணித்தியாலம் விடு. பிறகு ருசி பார். நாக்கில் வைத்ததும் முடிவு செய்யாதே. முதலில் இனிப்புத்தான் வரும், உறைப்பு தொண்டையில் பிந்தித்தான் ஏறும். போதும் என்றால் சூடு ஆறுமுன் வடித்துவிடு. மிளகாயை உள்ளேயே விட்டால் நாளுக்கு நாள் உறைப்பு கூடும். கடைசியில் ஒரு தேக்கரண்டி தென்னை வினாகிரி கலந்தால் திகட்டாது. தேன் ஏற்கெனவே தண்ணியாக இருந்தால் வினாகிரியை விட்டுவிடு. ஈரக் கரண்டி மட்டும் படவே கூடாது.

இது அமெரிக்காக்காரர் சாமான் என்று உன் வீட்டுக்காரர் சொன்னாராம். மைக் கர்ட்ஸ் என்பவர் பிரேசிலில் ஒரு பீட்சாக் கடையில் மிளகாய்த் தேனைக் கண்டு, 2010இல் புரூக்ளினில் பீட்சாமேல் ஊற்றத் தொடங்கிய பிறகு அங்கே பேர் எடுத்தது உண்மை. ஆனால் சீனிச் சம்பலும் அச்சாறும் தின்று வளர்ந்த நமக்கு இனிப்பும் உறைப்பும் புதிதா? இருமலுக்கு அம்மம்மா திப்பிலித் தூளைத் தேனில் குழைத்துத் தந்ததும் உறைப்புத் தேன்தானே. மிளகாய் இந்த நாட்டுக்கு வருமுன் நமக்கு மிளகும் திப்பிலியும்தான் உறைப்பு. மிளகாய் என்ற பெயருக்குள்ளேயே மிளகு உட்கார்ந்திருக்கிறது.

சுடச்சுட இறால் வடையில் நாலு சொட்டு விட்டுப் பார். பொரித்த கோழியிலும் நன்றாகச் சேரும். அன்னாசியில் விட்டு, மேலே ஒரு சிட்டிகை உப்புத் தூவினால் காலிமுகத் திடலில் நின்று சாப்பிடுகிற நினைப்பு வரும்.

போயா விடுமுறைக்கு வருவாய்தானே. வாய் அகன்ற ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்து வா. இங்கே நான் வடித்து வைத்திருப்பதில் பாதி உனக்கு.

அன்புடன்,
அக்கா