லேம்பைக் கொஞ்சம் ஏற்றி விடுங்கள், ஐயா

மதுரைத் திரையரங்கு உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு இரவுக் காட்சியில் என்ன நடந்தது என்று உங்களில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். தியேட்டர் பெயரைச் சொல்லப் போவதில்லை. திரை மங்கலாக இருக்கிறது என்று இடைவேளையில் கவுண்டருக்கு வந்து சத்தம் போட்ட நாலு பேரில் நானும் ஒருவன். "படமே அப்படித்தான் சார், டார்க் படம்" என்றார் அங்கிருந்தவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஏதோ எங்களுக்குப் பாடம் எடுப்பதுபோலச் சொன்னார். அதனால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். புரொஜெக்டர் லேம்பை உரிய அளவுக்கு எரிய விடுங்கள். 2டி காட்சி ஓடும்போது 3டி லென்ஸைக் கழற்றி வையுங்கள்.

எங்கள் கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறேழு பேர். மாட்டுத்தாவணியில் பழக்கடை வைத்திருப்பவர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், மற்றவர்கள் என்னைப்போல மாதச் சம்பளக்காரர்கள். அறிவியல் புனைவு, மாயக்கதை எது வந்தாலும் முதல் வாரமே பார்த்துவிடுவோம். படம் முடிந்ததும் சிம்மக்கல் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று சண்டை போடுவோம். சண்டை பல வருடமாக ஒரே சண்டைதான். இருட்டான படம் நல்ல படமா, இல்லை வெறும் பாவனையா?

ஆசிரியர் எதிர்க்கட்சி. "எதிர்காலம்னாலே மழையும் அழுக்கும்தானா? கடைசியில எவனும் பிழைக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்பார். பழக்கடைக்காரர் உடனே 1982 ஜூன் 25-ஐ எடுப்பார். அன்றைக்குத்தான் அமெரிக்காவில் 'பிளேடு ரன்னர்', 'தி திங்' என்ற இருட்டுப் படங்கள் இரண்டும் ஒன்றாக வெளிவந்தன. இரண்டு வாரம் முன்னால் வந்திருந்த, சாதுவான வேற்றுக்கிரகவாசியின் கதையான 'ஈ.டி.'யைக் கொஞ்சிக்கொண்டிருந்த ஜனம் இந்த இரண்டையும் பெரிதாகச் சீண்டவில்லை. இன்றைக்கு இரண்டையும் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். "அப்போ நாப்பது வருஷம் காத்திருக்கவா?" என்பார் ஆசிரியர். உடனே பேச்சு நம்ம ஊருக்கு வந்து, 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' மேல் விழும். இரண்டாம் பாதியில் அந்தச் சோழர் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்களே இப்போது அதைக் காவியம் என்கிறார்கள். ஆசிரியரும் அதில் ஒருவர். அதைச் சொன்னால் மட்டும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

என் கட்சி நடுவில். இருட்டு கதைக்குள் இருக்கிறதா, கேமராவில் மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பேன். நீல ஃபில்டர் மாட்டியதெல்லாம் டார்க் ஆகிவிடாது. ஆனால் கதையே இருட்டைக் கேட்கும்போது அதைத் துடைக்கவும் கூடாது. 'பிளேடு ரன்னர்' படத்துக்கு அப்படித்தான் ஆனது. ஜனம் தாங்காது என்று பயந்து, நாயகன் குரலில் விளக்கமும் சுபமான முடிவும் ஒட்டி வெளியிட்டார்கள். 1992-இல் அந்த இரண்டையும் எடுத்தார்கள். 2007-இல் இயக்குநர் தம் விருப்பப்படி இன்னொரு வடிவம் கொடுத்தார். ஒரு படத்தின் இருட்டு எவ்வளவு என்று முடிவு செய்ய அங்கே இருபத்தைந்து வருடம் அடித்துக்கொண்டார்கள். நீங்கள் ஒரு பட்டனைத் திருகி முடித்துவிடுகிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவையும் கூட்டி வந்திருந்தேன். எழுபத்தி மூன்று வயது. வாலிபத்தில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டருக்குக் கையாளாக இரண்டு வருடம் இருந்தவர். கண்ணில் புரை எடுத்து நாலு வருடம் ஆகிறது. படம் ஓடும்போது ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டி நுனியில் துடைப்பார், மறுபடி மாட்டுவார். திரையில் யாரோ யாரையோ துரத்துகிறார்கள், எனக்கே ஆள் தெரியவில்லை. தெளிவாகத் தெரிந்தது வாசலுக்கு மேலே இருக்கும் பச்சை எக்ஸிட் பலகை ஒன்றுதான். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "ஏப்பா, உனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சா?"

நான் கடுப்பில் இருந்தேன். "நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் காப்பிகூடக் குடிக்காமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஆபரேஷன் முடிந்து சில வருடம் கழித்து, உள்ளே வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு சிலருக்கு மங்குமாம். அதுதான் வந்துவிட்டது என்று அவரே முடிவு கட்டியிருக்கிறார். வரிசையில் நின்று சீட்டுப் போட்டு, கண்பாப்பா விரிய மருந்து விட்டு, மதியம் வரை கண்ணை மூடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சோதித்த டாக்டர், கண் தெளிவாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அப்புறம்தான் உண்மையைச் சொன்னேன், தியேட்டரில்தான் கோளாறு என்று.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்பல்லாம் புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சிதான். எரிஞ்சு எரிஞ்சு ரெண்டு குச்சிக்கும் நடுவுல இடைவெளி விழுகும். ஒரு நிமிஷம் கவனிக்கலேன்னா திரை மங்கிரும். மணல்ல உக்காந்திருக்கவன் விசிலடிச்சு ஆபரேட்டரை வைவான். எவனும் தன் கண்ணைச் சந்தேகப்பட்டதில்ல" என்றார்.

இந்தத் தொழிலை எங்களைவிட நீங்கள் நன்றாக அறிந்தவர்கள். காலித் திரையின் நடுவில் வெள்ளை ஒளி சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் விதி. பழைய கணக்கில் 14 ஃபுட் லாம்பெர்ட். புரொஜெக்டரில் இருக்கும் செனான் லேம்ப் எரிய எரிய மங்கும் என்பதும், கழற்றாமல் விட்ட 3டி லென்ஸ் பாதி வெளிச்சத்துக்கு மேல் விழுங்கிவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. குத்துப்பாட்டுக்கு இது பெரிதாக உறைக்காது. இருட்டுப் படத்தில்தான் எல்லாச் சங்கதியும் கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற நிழலுக்குள் கிடக்கிறது. லேம்பைக் குறைத்தால் எக்ஸிட் பலகையும் படிக்கட்டு விளக்கும் சேர்ந்து குறைவதில்லையே. அந்த வெளிச்சம் திரையில் படிந்து, மிச்சம் மீதியையும் சாம்பலாக்கிவிடுகிறது.

மின்கட்டணம் ஏறிவிட்டது, லேம்ப் விலை அதிகம் என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் டிக்கெட்டில் பாதி வெளிச்சத்துக்குப் பாதி விலை என்று நீங்கள் போடவில்லையே. பாப்கார்ன் விலையில் மங்கல் இல்லை. பைக் நிறுத்தும் கட்டணத்தில் மங்கல் இல்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கிய நொடியே அரங்கு விளக்கைப் போடுகிறீர்களே, அதில் மட்டும் எத்தனை பிரகாசம்! இந்த மாதிரிப் படங்களுக்கு இரவு பத்தரைக்கு ஒரே ஒரு காட்சி கொடுத்து, மூன்றாம் நாள் தூக்கிவிட்டு, "மதுரைக்காரனுக்கு இதெல்லாம் ஏறாது" என்கிறீர்கள். ஏறுகிறதா இல்லையா என்று சொல்ல முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. சண்டை போட வரவில்லை. இந்த ஊரில் படம் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள், உங்கள் இருக்கைகள் காலியாகக் கிடப்பதில் எங்களுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. தயவுசெய்து, அடுத்த இருட்டுப் படம் போடும் முன் மீட்டர் வைத்து ஒரு தடவை வெளிச்சத்தை அளந்து பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் நீங்களே வந்து ஓரத்து நாற்காலியில் பத்து நிமிடம் உட்காருங்கள். லேம்பை ஏற்றி விடுங்கள், லென்ஸைக் கழற்றி விடுங்கள். அதன் பிறகு படம் மோசம் என்றால் டீக்கடையில் நாங்கள் இயக்குநரைத் திட்டிக்கொள்கிறோம், உங்களை இழுக்க மாட்டோம்.

அப்பாவை மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். "மொதல்ல நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்கிறார்.

இப்படிக்கு,
ஞாயிறு இரவுக் காட்சி, பின்வரிசையிலிருந்து ஒருவன்
மதுரை