சரக்குத்தூள் கிடைச்சதோ

அன்பு மகளுக்கு,

சரக்குத்தூள் கிடைச்சதோ எண்டு மூண்டு தரம் கேட்டிட்டன், நீ மறுமொழி சொல்லேல்லை. பிள்ளை பெத்த உடம்புக்கு எண்டு மிளகு கொஞ்சம் கூடப் போட்டுத்தான் இடிச்சனான். பால்சுறா அங்கை கிடையாட்டி வேறை மீனிலை வை, உள்ளி நிறையப் போடு.

போன ஞாயிறு வீடியோவிலை குட்டியைக் காட்டேக்கை குசினி மேசையிலை பால்மாப் பேணியைக் கண்டனான். நீ போனை மற்றப் பக்கம் திருப்பினதையும் கண்டனான். நான் ஒண்டும் கேக்கேல்லை. இப்பவும் கேக்கேல்லை.

குஞ்சியம்மாவின்ர மகள் பேர்ணிலை இருந்து எடுத்தவள். சுவிசிலை 14 கிழமை லீவு முடிஞ்சு வேலைக்குப் போனாலும், பிள்ளைக்கு ஒரு வயசு வரைக்கும் பால் குடுக்கிற நேரத்துக்குச் சம்பளம் வெட்டேலாதாம். 2014 யூனிலை இருந்து சட்டமாம். நாளுக்கு 4 மணித்தியாலம் வரைக்கும் வேலை எண்டால் 30 நிமிஷம், அதுக்கு மேலை 60, 7 மணித்தியாலத்துக்கு மேலை 90. பம்பாலை எடுக்கிறதும் கணக்காம். நீ அந்த முதியோர் இல்லத்திலை எட்டு மணித்தியாலம் நிக்கிறாய், அப்ப உனக்கு 90. கலண்டர்த் தாளுக்குப் பின்னாலை எழுதி வைச்சிருக்கிறன்.

என்ர பிள்ளை டொச்சிலை கதைச்சு, அடம்பிடிக்கிற கிழவன்மாருக்கும் குளிசை பருக்கிப்போடுவாள் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறன். உன்ர மேலதிகாரி மனுசியிட்டை இதைக் கேக்க மட்டும் வாய் வராதோ? ஆரிட்டைப் பழகினனியோ.

என்னட்டைத்தான்.

உனக்கு மூண்டு மாசத்திலை நான் சங்கக்கடை வேலைக்குத் திரும்பிப் போனனான். இடம்பெயர்வோடை பால் வத்திப்போச்சு எண்டுதானே உனக்குச் சொன்னனான். வத்தேல்லை, பிள்ளை. பத்து மணிக்கு மார் கல்லு மாதிரி இறுகும். அரிசி மூட்டை அடுக்கின அறைக்குள்ளை போய், காலாலை கதவை அடைச்சுக்கொண்டு, வெறும் ரின்பால் பேணிக்குள்ளை பீச்சி, பின்வளவு வாழையடியிலை ஊத்துவன். வீடு கூப்பிடு தூரம். அங்கை அம்மம்மா உனக்கு மாப்பால் கரைச்சுப் பருக்கிக்கொண்டிருப்பா. மனேச்சரிட்டை அரை மணித்தியாலம் கேக்க வெக்கம், ஆம்பிளையிட்டை என்னெண்டு வாய் திறக்கிறது. ஒரு மாசம் அப்பிடிச் செய்துபோட்டு, மாரைத் துணியாலை இறுக்கிக் கட்டி நானாய்த்தான் நிப்பாட்டினனான். அப்பாவுக்கும் தெரியாது.

மருமகனுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டாதை. கணக்கை மட்டும் காட்டு.

சரக்குத்தூளை ஈரம் படாமல் போத்தலிலை போட்டு வை. ஞாயிறு எடு. பேணி மேசையிலையே இருக்கட்டும்.

அம்மா