விழுந்தது நாடகம் இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ரெஸ்லிங் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரெஸ்லிங் வீரர் மிக் ஃபோலிக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. கூண்டின் உச்சியிலிருந்து விழுந்தார், அதோடு ஓய்வு பெற்றுவிட்டார், எப்படியும் எல்லாம் பேசி வைத்த நாடகம்தானே என்று கட்டுரையாளர் முடித்துக்கொண்டார். கேபிள் டிவி காலத்திலிருந்து ஃபோலியைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் இதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகியிருக்கும், சரி. இன்று அது ரகசியமும் இல்லை. ஆனால் கீழே இருக்கும் தரைக்கு அந்த முடிவு தெரியாதே!

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். 'மேன்கைண்ட்' என்ற பெயரில் முகமூடி போட்டுக்கொண்டு ஃபோலி 'அண்டர்டேக்கர்' என்ற வீரருடன் மோதினார். ரிங்கைச் சுற்றி அமைத்த 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து அவரை வர்ணனையாளர்களின் மேசை மீது அண்டர்டேக்கர் தூக்கி எறிந்தார். இது ஃபோலி தெரிந்தே, விரும்பியே செய்தது. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது எழுந்து வந்து மறுபடியும் கூண்டின் மேல் ஏறினார். அடுத்து நடந்ததை அந்த இருவருமே எதிர்பார்க்கவில்லை. அண்டர்டேக்கர் கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடித்ததில் கூரையின் கம்பிவலை பிய்ந்துகொண்டது. ஃபோலி அதன் வழியாக நேரே ரிங்கில் வந்து விழுந்தார். மேலே கிடந்த இரும்பு நாற்காலியும் கூடவே விழுந்து முகத்தில் அடித்தது. நினைவு தப்பியது. உடைந்த பல் ஒன்று மூக்குத் துவாரத்தில் போய் நின்றது. அதற்கு அப்புறமும் எழுந்து மோதினார். நோட்டீஸ் போர்டில் குத்துகிற பின்களை ரிங்கில் கொட்டி, அதன் மேலும் விழுந்தார். கடைசியில் தோற்றார். ரிங்கை விட்டு வந்தபின் அண்டர்டேக்கரிடம், இன்றைக்குப் பின்களைக் கொட்டினேனா என்று ஃபோலி கேட்டிருக்கிறார். கையைப் பார் என்றாராம் அவர். பின்கள் அப்படியே குத்திக்கொண்டு இருந்திருக்கின்றன. போட்டியை நடத்திய WWF (இன்றைய WWE) கம்பெனியின் அன்றைய முதலாளி வின்ஸ் மெக்மேனும் நன்றி சொன்ன கையோடு, இப்படி ஒன்றை இனி நான் பார்க்கவே கூடாது என்று சொன்னதாக ஃபோலியே எழுதியிருக்கிறார்.

அதோடு அவர் ஓய்வு பெறவும் இல்லை. ஆறே மாதத்தில் உலகப் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கிய அந்த மோதல் முன்கூட்டியே பதிவானது. 1999 ஜனவரி 4 அன்று அது ஒளிபரப்பாக இருந்தபோது, எதிர்முகாமில் இருந்த WCW நிறுவனம் தன் நேரலையில் முடிவைப் போட்டு உடைத்து, இவருக்கெல்லாம் பட்டமா என்று கிண்டலும் செய்தது. அந்த நொடியே லட்சக்கணக்கானவர்கள் சேனலை மாற்றிக்கொண்டு இவரைப் பார்க்கப் போய்விட்டார்கள். முடிவு தெரிந்த பிறகும் போனார்கள் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்.

ஏன் போனார்கள்? அழகான உடற்கட்டு கொண்டவர் இல்லை அவர். கல்லூரியில் படித்துக்கொண்டே வார இறுதிகளில் நியூயார்க் மாநிலத்திலிருந்து பென்சில்வேனியாவுக்குக் கார் ஓட்டிப் போய், அந்தக் காரிலேயே படுத்துத் தூங்கி, டொமினிக் டெனூச்சியிடம் தொழில் கற்றவர். மேன்கைண்டாக வருவதற்கு முன்பு, 1994 மார்ச்சில் ஜெர்மனியின் மியூனிக்கில் 'வேடர்' (Vader) என்ற வீரருடன் மோதும்போது தலை ரிங் கயிறுகளுக்கு நடுவே சிக்கி, வலது காதின் பெரும்பகுதியை இழந்தார். காது போன பிறகும் மோதலைத் தொடர்ந்தார். இப்படிப்பட்டவர் மைக்கைப் பிடித்துப் பேசினால், பார்க்கிறவர்களுக்கு அவர் நம்மில் ஒருவராகிவிடுவார்.

ஃபோலி செய்தது எல்லாமே சரி என்று நான் வாதாடவில்லை. 1999 ஜனவரியில் 'ராக்' என்ற வீரருடன் நடந்த மோதலில், கைகள் பின்னால் விலங்கிடப்பட்டிருக்க, நாற்காலியால் தலையில் அடி மேல் அடி வாங்கினார். பேசி வைத்ததை விட அதிகம் விழுந்தது. முன்வரிசையில் இருந்த மனைவியும் சின்னப் பிள்ளைகளும் அழுத காட்சி ஓர் ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. அதைப் பார்க்கும் போதெல்லாம் என் வயிறு கலங்கும். தலையில் நாற்காலியால் அடிப்பதை WWE நிறுவனம் 2010இல்தான் தடை செய்தது. ரொம்பத் தாமதம். மேலிருந்து விழும் அந்த ஒரு துண்டு வீடியோவை மட்டும் போனில் பார்க்கிற பிள்ளைகளிடம் நாடகம்தான் என்று சொல்வது ஆபத்தானது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் அறவே விடுபட்டது அவருடைய எழுத்து. சுயசரிதையை வேறு ஆள் எழுதட்டும் என்றுதான் முதலில் ஏற்பாடு. ஃபோலி அதை ஒதுக்கிவிட்டு, நோட்டுகளில் தன் கையாலேயே எழுதி முடித்தார். 1999இல் வெளிவந்த அந்தப் புத்தகம் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிறகு நாவல்களும் குழந்தைகளுக்கான கதைகளும் எழுதினார். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி மையத்தில் தன்னார்வலராகவும் பணியாற்றினார்.

ஆகவே இரண்டு விஷயங்கள் கேட்கிறேன். அந்த மோதலோடு ஓய்வு பெற்றார் என்ற தவற்றுக்குத் திருத்தம் வெளியிடுங்கள். முடிந்தால் ஃபோலி என்ற எழுத்தாளரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையும் போடுங்கள். படிக்க எங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்