அக்கான்ர பிரஷர்

மச்சான், எப்பிடி இருக்கிறாய், வீட்டில எல்லாரும் சுகம்தானே. இங்க காலபோக வெட்டு முடிஞ்சுது, நெல்லு விலைதான் சரியில்லை, அதை விடு, அக்கான்ர விஷயம் சொல்லத்தான் எழுதுறன்.

அவவுக்குப் பிரஷர் எண்டு தெரியும்தானே. மூண்டு வருஷமா நாலு வகைக் குளுசை, அப்பிடியிருந்தும் 190/110க்குக் கீழ இறங்காது. கிளினிக்கில உப்பைக் குறையுங்கோ, யோசிக்காதேங்கோ எண்டு அனுப்பிவிடுவினம். நாங்களும் நம்பினம், 2009ல மகனைப் பறிகுடுத்தவ யோசிக்காம எப்பிடி இருப்பா. அவவோ அழுதாப் பிரஷர் ஏறிடும் எண்டு பயந்து அழுகையையே அடக்கிக்கொண்டு இருந்தவ, அதை நினைக்கத்தான் இப்ப நெஞ்சு வேகுது.

ஒருநாள் வாளியை அரைக்கிணறு மட்டும் இழுத்தவ, கை விட்டிட்டுது, கயிறு உருவிக்கொண்டு போக அப்பிடியே கிணத்துக்கட்டில குந்திட்டா. இரவில நாலஞ்சுதரம் ஒண்டுக்கு எழும்புறது, கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கிறது எல்லாம் முந்தியே இருந்தது. புதுசா வந்த ஒரு டொக்டர் பிள்ளை இதையெல்லாம் ஆறுதலா இருந்து கேட்டிட்டு இரத்தத்தில பொட்டாசியம் பாக்கச் சொன்னா. 2.6தான், 3.5க்கு மேல இருக்கோணுமாம். பிறகு பிரஷரோட சம்பந்தப்பட்ட அல்டோஸ்டிரோன், ரெனின் எண்ட சுரப்புகளுக்கு ரெண்டு இரத்தச் சோதனை, சிடி ஸ்கான், விடிய நாலு மணி பஸ்ஸில யாழ்ப்பாணத்துக்கு அலைஞ்சம்.

இடப்பக்கக் கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி இருக்கிற அட்ரீனல் சுரப்பியில ஒரு கட்டி மச்சான், ஒண்டரை சென்ரிமீற்றர், புளியங்கொட்டையளவு. புற்றுநோய் இல்லை. ஆனா அது அல்டோஸ்டிரோனை அளவில்லாமச் சுரக்க, கிட்னி உப்பைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு பொட்டாசியத்தை மூத்திரத்தில விட்டிடுமாம், அதாலதான் பிரஷர் ஏறினதும் கைகால் சோந்ததும். கொன் எண்ட அமெரிக்க டொக்டர் 1954லயே இப்பிடிச் சோந்துபோன 34 வயசுப் பொம்பிளை ஒராளில இதைக் கண்டுபிடிச்சவராம்.

சின்னத் துளை போட்டுச் சுரப்பியோட எடுத்திட்டினம். (ரெண்டு பக்கமும் சுரந்தா வெட்டுறேல்லை, ஸ்பைரோனோலக்டோன் குளுசைதான்.) இப்ப ஒரே ஒரு குளுசை, 130/80. போன கிழமை மகன்ர படத்துக்கு முன்னால இருந்து குரல் வைச்சு அழுதவ, ஒருத்தரும் தடுக்கேல்லை.

உன்ர தம்பிக்கு 38 வயசில மூண்டு குளுசை எண்டு சொன்னாயெல்லோ, அதுக்கும் இறங்காட்டி அந்த ரெண்டு சோதனையையும் கட்டாயம் கேக்கச் சொல்லு. சில குளுசையள் ரிசல்ட்டை மாத்துமாம், எல்லாத்தையும் கொண்டுபோய்க் காட்டட்டும், தானா நிப்பாட்ட வேண்டாம். திடீர் திடீரெண்டு தலையிடி, வேர்வை, நெஞ்சு படபடப்பு வருதோ எண்டும் கேள், அது அதே சுரப்பியில வாற வேற கட்டி, அட்ரினலினைக் கொட்டுறது, 24 மணித்தியால மூத்திரம் சேர்த்துப் பாக்கிறவை.

என்ன சொன்னவை எண்டு உடன எழுது மச்சான், பாத்துக்கொண்டு இருப்பன்.