கோணல் தகடு

பெரம்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கயல்,

கம்பெனிக்காரர் ஒருவரோடு சேர்ந்து உற்பத்திப் பாடம் நடத்த உன் கல்லூரியில் சொல்கிறார்கள் என்று நேற்று போனில் குமுறினாய். பிஎச்.டி. இல்லாதவருக்கு என் வகுப்பில் என்ன வேலை என்றாய். அந்தச் சொல் என்னைச் சுட்டது, அம்மா. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன்.

ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறு வருஷம், இங்கே ஒரு கல்லூரியில் வெல்டிங் பாடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் என்னை வகுப்பில் விட்டுவிட்டுப் பேராசிரியர் போய்விட்டார். பெட்டிகளின் கூட்டைப் பற்றவைக்கும் ஷெல் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன், அரை மணி நேரத்தில் சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றேன். அன்று இரவு வயிறு சரியில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன்.

அடுத்த வாரம், கூடவே இருங்கள் ஐயா என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை ஒரே ஓட்டமாகப் பற்றவைக்கக் கூடாது, இங்கே கொஞ்சம், தள்ளி அங்கே கொஞ்சம் என்று விட்டுவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும் என்றேன். ஒரு பையன் ஏன் என்றான். முறுக்கிக்கொள்ளும் என்பது வரைதான் எனக்குத் தெரியும். பேராசிரியர் எழுந்து வந்து பலகையில் எழுதினார்: 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சூடானால் சாதா இரும்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு விரியும், வெப்பத்தைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் சூடு ஒரே இடத்தில் தங்கித் தகட்டை இழுக்கிறது. என் கை பழகிய வேலைக்குக் காரணம் எனக்கே அன்றுதான் கிடைத்தது. நான் கொண்டுபோயிருந்த கோணல் தகட்டை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

15 வருஷ அனுபவம் உள்ளவர்கள் பட்டம் இல்லாமலும் கற்பிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வழிவிட்டது. அவர்கள் எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் பணியிடங்களையும் அது தொடாது. அந்தப் பயம் உனக்கு வேண்டாம். ஆனால் அவரை, வந்து கதை சொல்லிவிட்டுப் போகும் விருந்தாளியாக்கிவிடாதே. அவர் பேசும்போது நீ வகுப்பிலேயே இரு. வினாத்தாளையும் சேர்ந்தே எழுதுங்கள். மதிப்பெண்ணுக்கு வராததைப் பிள்ளைகள் காதில் வாங்க மாட்டார்கள். முதல் வகுப்புக்கு முன்பே அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடி. அவருக்கும் பயமாக இருக்கும்.

அந்தக் கோணல் தகடு பரணில்தான் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா