ஒப்புதல் கேட்காத டிஸ்மிஸ்: பழைய தீர்ப்புகள் சாகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்ததோடு, தாவா (தொழில் தகராறு) நிலுவையில் இருக்கும் காலத்தில் செய்யப்படும் வேலைநீக்கம் பற்றிய பழைய தீர்ப்புகள் காலாவதியாகிவிட்டன என்ற பேச்சு பரவியிருக்கிறது. தவறான பேச்சு. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பெரிய மாற்றமில்லாமல் புதிய சட்டத்தின் 90ஆம் பிரிவாக வந்திருக்கிறது. அந்தச் சொற்களுக்கு உச்ச நீதிமன்றம் தந்த பொருள் இன்றும் செல்லும்.

தாவா நிலுவையில் இருக்கும்போது, அதோடு தொடர்பில்லாத குற்றச்சாட்டில் ஒருவரை நீக்கும் நிர்வாகம் ஒரு மாதச் சம்பளமும் தர வேண்டும், தாவாவை விசாரிக்கும் அதிகாரியிடம் ஒப்புதல் மனுவும் போட வேண்டும். உத்தரவு, சம்பளம், மனு மூன்றும் ஒரே நடவடிக்கையின் பகுதிகளாக இருக்க வேண்டும் என்றது 1962ஆம் ஆண்டு ஸ்ட்ராபோர்டு தீர்ப்பு. உத்தரவை இன்று கொடுத்துவிட்டு மனுவை ஆறப்போடும் நிர்வாகங்கள் வழுக்குவது இங்கேதான். சங்கத் தரப்பும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த ஒரு மாதச் சம்பளத்தில் இரவு ஷிப்ட் படியைச் சேர்க்கவில்லை என்ற வாதம் 1990இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வழக்கிலேயே தோற்றுப்போனது.

குற்றச்சாட்டு தாவாவோடு தொடர்புடையது என்றாலோ, நீக்கப்படுபவர் ‘பாதுகாக்கப்பட்ட தொழிலாளி’ (சட்டப்படி சிறப்புப் பாதுகாப்பு பெற்ற சங்க நிர்வாகி) என்றாலோ கதை வேறு. நீக்கியபின் ஒப்புதல் கேட்பது போதாது. எழுத்துபூர்வ அனுமதியை முன்னதாகவே பெற வேண்டும்.

சரி, மனுவே போடாவிட்டால்? நீக்கம் தானாகச் செல்லாததாகிவிடாது என்று 1978இல் பஞ்சாப் பெவரேஜஸ் தீர்ப்பு சொன்னது. பல நிர்வாகங்களுக்கு அது நல்ல குடையாக இருந்தது. 2002 ஜனவரியில் ஜெய்ப்பூர் ஜிலா சககாரி பூமி விகாஸ் வங்கி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் குடையை மடக்கியது. ஒப்புதல் கேட்காததும் மறுக்கப்பட்டதும் ஒன்றே. இரண்டிலும் நீக்கம் நடக்கவே இல்லை என்றுதான் பொருள். தொழிலாளி தனியாகப் புகார் கொடுத்து அதை ரத்து செய்ய வேண்டியதில்லை. ஒப்புதல் மறுக்கப்பட்டவர் வேலையில் தொடர்வதாகவே கருதப்படுவார் என்று, கும்பகோணம் அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் 2001இலேயே சொல்லப்பட்டுவிட்டது.

உண்மையில் மாறியது தேதிக் கணக்கு, அதாவது இந்தப் பாதுகாப்பு எந்த நாளில் தொடங்குகிறது என்பது. பழைய சட்டத்தில், பொதுப்பயன்பாட்டுத் தொழில்களில் வேலைநிறுத்த அறிவிப்பு சமரச அதிகாரி கைக்குப் போன நாளிலேயே சமரசம் தொடங்கிவிடும். புதிய சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, அதிகாரி முதல் கூட்டம் நடத்தும் நாளில்தான் தொடங்கும். அறிவிப்புக்கும் முதல் கூட்டத்துக்கும் இடையே நீக்கப்படுபவருக்கு, வேறு தாவா நிலுவையில் இல்லாவிட்டால், மேற்சொன்ன தீர்ப்புகள் எதுவும் உதவாது. சமரசம் முறிந்தபின் தீர்ப்பாயத்துக்குப் போக 90 நாள் அவகாசம் உண்டு. அதுவரை எதுவும் நிலுவையில் இல்லை என்பதால், அதைக் கடைசி நாள்வரை இழுக்கும் சங்கம் இன்னொரு ஓட்டையைத் தானே திறந்து வைக்கிறது.

இந்த இடைவெளியில் நடக்கும் பழிவாங்கலைப் புதிய சட்டத்தின் இரண்டாம் அட்டவணையின் கீழ் நியாயமற்ற தொழில் நடைமுறை என்று எதிர்க்கலாம். ஆனால் முன்பிருந்த ஆறு மாதம் வரையிலான சிறை, முதல் முறை குற்றத்துக்கு இப்போது இல்லை. அதற்கு 10,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் மட்டுமே. பெரிய ஆலைக்கு இது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவே.

ஆகவே அறிவிப்பு கிடைத்த சில நாட்களுக்குள் முதல் கூட்டத்தை நடத்தும்படி சமரச அதிகாரிகளுக்குத் தொழிலாளர் துறை உத்தரவிட வேண்டும். சங்கங்கள் அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் தேதியுடன், கையெழுத்துடன் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தொழிற்தாவா வழக்குகளைக் கவனிக்கும் வாசகர்கள்